பாடல் காணொளியும் ஒரு விளம்பரம்தானே?

கேள்வி: 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி என்ற அமெரிக்க இசைத் தொலைக்காட்சி தொடங்கியபோது, இசைத்தட்டு நிறுவனங்கள் விற்பனைக்காக எடுத்துக் கொடுத்த காணொளிகளைக் கொண்டே நிகழ்ச்சிகளை நிரப்பியது. அப்படியிருக்க, குளிர்பான விளம்பரத்தில் பாடும் கலைஞரை மட்டும் ஏன் குறை சொல்கிறோம்?

மறுமொழி 1: காணொளி அந்தப் பாடலையே விற்கிறது; விளம்பரமோ பாட்டின் மீது நமக்குள்ள அன்பை வேறொரு பொருளுக்குக் கைமாற்றுகிறது. இந்த வேறுபாடு சிறியதன்று. பெப்சிக்கும் கோக்குக்கும் பாடமாட்டேன் என்று ராக் பாடகர் நீல் யங் 1988-இல் பாடி, விளம்பரங்களைப் பகடி செய்து வெளியிட்ட காணொளியை எம்டிவி முதலில் ஒளிபரப்ப மறுத்தது. மறு ஆண்டே ஆண்டின் சிறந்த காணொளி விருதையும் அதற்கே அளித்தது.

மறுமொழி 2: மறுப்பவருக்கும் பாதுகாப்பு வேண்டும். ஃபோர்டு கார் விளம்பரத்தில் பாட அமெரிக்கப் பாடகி பெட் மிட்லர் இணங்காதபோது, அவருக்கு முன்பு துணைக்குரல் பாடிய பாடகியையே அழைத்து, மிட்லரின் குரலைப் போலவே பாடவைத்தார்கள். கேட்டவர்கள் மிட்லர்தான் பாடுகிறார் என்று நம்பினார்கள். தனித்தன்மையுள்ள குரலை இவ்வாறு விற்பனைக்காகப் போலி செய்வது தவறு என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1988-இல் தீர்ப்பளித்தது. என் பார்வையில் இதுவே அடிப்படை: இசைவு.

மறுமொழி 3: உண்மைதான், ஆனால் 1974-இல் மறைந்த ஆங்கிலேயப் பாடகர் நிக் ட்ரேக்கைப் பலர் கண்டுகொண்டது, 1999-இல் அவர் பாடல் ஒரு கார் விளம்பரத்தில் ஒலித்த பிறகே. அவருடைய இசைவை யாரிடம் கேட்பது?