தபால் பெட்டிக்குள் தண்ணீர் போகிறது, சீட்டில் ஓர் இலக்கம் அழிந்துவிட்டது: உதவி தேவை

மேற்குவாசல்:

வணக்கம். இரண்டு பிரச்சினைகள், இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான்.

வாசல் மதிலில் தகரத் தபால் பெட்டி மாட்டியிருக்கிறோம். முன்பக்கம் கடிதம் போடும் வாய், அதற்குத் தொங்கும் மூடி. பெட்டியின் மேல்தகடு முன்னால் நன்றாக நீண்டிருப்பதால் சாரல் வாயில் நேராக அடிப்பதில்லை. ஆனாலும் நல்ல மழை பெய்த மறுநாள் திறந்தால் உள்ளே இருக்கும் காகிதமெல்லாம் ஊறிப்போயிருக்கிறது. மூடியின் ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டியும் பார்த்தாயிற்று, பலனில்லை.

இப்போதைய அவசரம் இதுதான். வெளிநாட்டில் இருக்கும் அத்தை அப்பாவின் பழைய ஆவணங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார். தபால்காரர் வந்தபோது வீட்டில் ஆள் இல்லாததால் சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் சீட்டு நனைந்து, எண்ணில் மூன்றாவது இலக்கம் கரைந்துவிட்டது. முன்னால் இரண்டு எழுத்து, பின்னால் இரண்டு எழுத்து தெளிவாகத் தெரிகின்றன, அவற்றை இங்கே போடவில்லை. நடுவில் இருப்பது: 6 3 ? 0 5 5 8 4 8. அத்தை ரசீதைத் தேடிக்கொண்டிருக்கிறார், கிடைக்குமா என்று தெரியவில்லை. அந்த ஆவணங்கள் திரும்பிப் போய்விட்டால் மறுபடி வாங்குவது பெரும்பாடு. யாராவது வழி சொல்லுங்கள்.

பழைய தபால்காரர்:

முதலில் பதறாதீர்கள். எண் இல்லாவிட்டாலும் பொருள் தொலைந்துவிடாது. பதிவுத் தபாலைப் பெயரையும் முகவரியையும் வைத்தும் தேடி எடுக்கலாம். நனைந்த சீட்டை அப்படியே எடுத்துக்கொண்டு, அடையாள அட்டையுடன் சீட்டில் போட்டிருக்கும் அலுவலகத்துக்கு நேரில் போங்கள். எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதனால் நாளைக் கடத்த வேண்டாம். எண்ணும் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பது மட்டும் உண்மை.

சீட்டு கையால் எழுதியதா, கையடக்க இயந்திரத்தில் அச்சிட்டதா? அச்சிட்டது என்றால் ஹேர் டிரையர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அது வெப்பத்தால் கறுக்கும் காகிதம். சூடு பட்டால் சீட்டு முழுவதும் கறுத்து, இருக்கிற எழுத்தும் போய்விடும்.

மேற்குவாசல்:

நன்றி ஐயா. கையால் எழுதியதுதான், ஜெல் பேனா என்று நினைக்கிறேன், நீலம் அப்படியே பரவியிருக்கிறது. இன்று அலுவலகம் மூடிவிட்டது, நாளை காலை போகிறேன்.

பழைய தபால்காரர்:

ஜெல் பேனா மையில் பல வகை தண்ணீரில் கரையும். பந்துமுனைப் பேனா மை எண்ணெய் கலந்தது, அது இப்படிப் பரவாது. நான் வேலையில் இருந்தவரை மழைக்காலத்தில் சட்டைப்பையில் பந்துமுனைப் பேனாதான்.

ஒன்று செய்து பாருங்கள். மை போனாலும் பேனா அழுத்திய தடம் காகிதத்தில் இருக்கும். சீட்டை உறிஞ்சு காகிதத்துக்கு நடுவே வைத்து நிழலில் காயவிடுங்கள், தேய்க்காதீர்கள். காய்ந்ததும் அறையை இருட்டாக்கிவிட்டு, டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடியுங்கள். மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்திலிருந்து அடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து கோடு தெரியும்.

அடுக்குமாடி:

பெட்டி விஷயத்துக்கு: சிலிக்கான் ட்யூப் ஒன்று வாங்கி, சுற்றி நாலு பக்கமும் இடுக்கெல்லாம் அடைத்துவிடுங்கள். அதோடு தீர்ந்தது.

இரும்புப்பட்டறை:

அடுக்குமாடி அண்ணா, மன்னிக்கவும், நாலு பக்கமும் அடைப்பது சரிப்படாது. உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி இல்லாமல் நிற்கும், அடித்தகடு துருப்பிடிக்கும். மழை இல்லாத இரவிலும் மெல்லிய தகடு சீக்கிரம் குளிர்ந்து, உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதன் மேல் நீராகப் படியும். காற்றோட்டமே இல்லாத பெட்டியில் அது அப்படியே காகிதத்தில் இறங்கும்.

மேற்குவாசல், அடைப்பதற்கு முன்னால் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். காகிதமே அதைச் சொல்லும். கடிதத்தின் மேல் ஓரமும் முன்பக்கமும் நனைந்திருந்தால் வாய் வழியாக வருகிறது. அடி ஓரம் மட்டும் ஊறியிருந்தால் தரையில் தேங்குகிறது. ஈரச்சொட்டு எங்கும் இல்லாமல் காகிதம் முழுக்கத் துவண்டிருந்தால் அது உள்ளே படிந்த நீர். சுவர்ப்பக்கம் சாய்ந்திருக்கும் காகிதம்தான் அதிகம் நனைகிறது என்றால், தண்ணீர் பின்னாலிருந்து வருகிறது. உங்கள் கதையைப் படித்தால் எனக்குப் பின்பக்கத்தின் மேல்தான் சந்தேகம். பெட்டியைச் சுவரோடு ஒட்டித்தானே மாட்டியிருக்கிறீர்கள்?

மேற்குவாசல்:

ஆமாம், பின்தகட்டில் நாலு துளை, நாலு ஸ்குரூ, சுவரோடு ஒட்டியபடிதான். யோசித்துப் பார்த்தால், பின்னால் சாய்ந்து நிற்கும் கவர்கள்தான் எப்போதும் மோசமாக இருக்கும்.

இரும்புப்பட்டறை:

அப்படியானால் சோதித்துவிடலாம். பெட்டிக்குள் பின்தகட்டை ஒட்டி ஒரு காய்ந்த செய்தித்தாளை நிறுத்துங்கள். ஒரு குவளைத் தண்ணீரைப் பெட்டியின் மேல் ஊற்றாமல், பெட்டிக்கு ஒரு முழம் மேலே சுவரில் மெதுவாக வழியவிடுங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் நனைந்த இடமே வழியைக் காட்டிவிடும்.

கணக்குநோட்டு:

எண் விஷயத்துக்கு நான் உதவ முடியும் என்று நினைக்கிறேன். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், இரண்டு எழுத்து, ஆக மொத்தம் 13 என்றால் அது உலக அஞ்சல் ஒன்றியத்தின் எஸ் 10 முறை. 1874-ல் தொடங்கி பெர்னிலிருந்து இயங்கும் அமைப்பு அது. நாடு விட்டு நாடு போகும் தபாலுக்கு எல்லா நாடுகளும் ஒரே மாதிரி எண் போடவே இந்த முறை. முதல் எழுத்து ஆர் என்றால் பதிவுத் தபால், சி என்றால் பார்சல், இ என்றால் விரைவுத் தபால். கடைசி இரண்டு எழுத்தும் அனுப்பிய நாட்டின் குறியீடு.

இதில் நமக்குப் பயன்படுவது ஒன்பதாவது இலக்கம். அது சும்மா வரிசையில் வருவதில்லை. முதல் எட்டையும் வைத்துக் கணக்குப் போட்டு எழுதுவது, யாராவது தப்பாகத் தட்டினால் கண்டுபிடிப்பதற்காக. அதைத் திருப்பிப் போட்டால் அழிந்த இலக்கத்தையே பிடித்துவிடலாம்.

எட்டு இலக்கத்தையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழித்தால் வருவது ஒன்பதாவது இலக்கம். (கழித்த விடை 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் எழுதுவார்கள்.)

உங்கள் எண்ணில் தெரிந்தவை மட்டும்: 48 + 18 + 0 + 15 + 25 + 72 + 28 = 206. அழிந்த இலக்கத்தின் நாலு மடங்கை இதோடு கூட்ட வேண்டும். கடைசி இலக்கம் 8 என்பதால் மீதி 3 வர வேண்டும். 0 முதல் 9 வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் பொருந்துகிறது. அது எது என்று இப்போது சொல்லவில்லை. டார்ச் வைத்துப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்று முதலில் சொல்லுங்கள். இரண்டும் தனித்தனியாக ஒன்று சேர்ந்தால்தான் நம்பிக்கையாக இருக்கும்.

மேற்குவாசல்:

சீட்டு காய்ந்துவிட்டது. டார்ச்சைப் படுக்க வைத்துப் பார்த்தால் மேலிருந்து கீழே சாய்வாக ஒரு கோடு நன்றாகத் தெரிகிறது. மேலே ஒரு சின்னக் கிடைக்கோடு இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. 1 அல்லது 7. அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை.

கணக்குநோட்டு:

7 தான். 7 என்றால் 206 + 28 = 234. 11-ஆல் வகுத்தால் மீதி 3, 11-இலிருந்து கழித்தால் 8. சீட்டில் உள்ள 8-ஓடு ஒத்துப்போகிறது. 1 என்றால் 206 + 4 = 210, மீதி 1, கழித்தால் 10, அதாவது கடைசி இலக்கம் 0 ஆக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. எனவே 6 3 7 0 5 5 8 4 8 என்று போட்டுத் தேடுங்கள்.

இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கு: ஓர் இலக்கம் அழிந்தால்தான் இது உதவும், இரண்டு போனால் பல விடைகள் வரும். கடைசி இலக்கம் 5 ஆக இருந்தால் மீதி 0 ஆகவும் இருக்கலாம், 6 ஆகவும் இருக்கலாம், அப்போது இரண்டு விடை கிடைக்கக்கூடும். தனியார் கூரியர்களின் எண்ணுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அப்புறம், முழு எண்ணை எங்கேயும் பொதுவில் போடாதீர்கள், இவர் எழுத்துகளை மறைத்தது நல்ல காரியம்.

மேற்குவாசல்:

தேடினேன், வந்துவிட்டது! பதிவுத் தபால், அத்தை ஊரில் ஏற்றிய தேதி, இங்கே அலுவலகத்தில் காத்திருக்கிறது என்று எல்லாம் காட்டுகிறது. கணக்குநோட்டு, எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. அத்தைக்கும் இப்போதே சொல்லிவிட்டேன், பாவம், அலமாரியையே கொட்டித் தேடிக்கொண்டிருந்தார்.

சுவர்ச் சோதனையும் செய்தாயிற்று. இரும்புப்பட்டறை அண்ணா சொன்னது அச்சு அசலாகச் சரி. வாய்ப்பக்கம் ஒரு துளி இல்லை. செய்தித்தாளில் மேல் ஸ்குரூ இரண்டுக்கும் நேர் கீழே இரண்டு ஈரக்கோடு, அடிவரை இறங்கியிருக்கிறது.

இரும்புப்பட்டறை:

சரி, அப்போது வேலை சுலபம். சுவரில் வழியும் தண்ணீர் பின்தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கி, ஸ்குரூத் துளை வழியாக உள்ளே இறங்குகிறது. இரண்டும் ஒட்டியிருந்தால் அந்த மெல்லிய இடுக்கில் தண்ணீர் ஏறி நிற்கும். இடைவெளி விட்டால் நேராகக் கீழே வழிந்து போய்விடும்.

பெட்டியைக் கழற்றுங்கள். ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் பின்தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே 10 மி.மீ. அளவில் பிளாஸ்டிக் குழாய்த்துண்டு வையுங்கள். உள்பக்கம் ஸ்குரூத் தலைக்கு அடியில் ரப்பர் வாஷர் போட்டு இறுக்குங்கள், ரப்பர் லேசாகப் பிதுங்கும்வரை போதும். சிலிக்கான் போடத்தான் வேண்டுமென்றால் துளையைச் சுற்றி மட்டும். அடித்தகட்டில் மூலைக்கு ஒன்றாக 5 மி.மீ. துளை போடுங்கள். துளை போட்ட இடத்தில் பெயின்ட் போயிருக்கும், துருத் தடுப்புப் பெயின்ட் தொட்டு வைக்காவிட்டால் அங்கிருந்துதான் துரு தொடங்கும். கடிதங்கள் தரையைத் தொடாமல் இருக்க உள்ளே ஒரு சின்னக் கம்பித்தட்டு போட்டால் இன்னும் நல்லது.

அடுக்குமாடி:

நான் சொன்னதைவிட இது சரியான வழி, ஒத்துக்கொள்கிறேன். புதுப் பெட்டி வாங்குகிறவர்களுக்கு ஒன்று: வாயின் அகலத்தைப் பாருங்கள். ஏ4 தாளை மடிக்காமல் வைக்கும் சி4 கவர் 229 க்கு 324 மி.மீ. ஐரோப்பாவில் தபால் பெட்டிக்கென்றே இஎன் 13724 என்று ஒரு தரநிலை உண்டு, அந்தக் கவர் மடங்காமல் போக வேண்டும் என்பது அதன் முக்கியமான நோக்கம். வாய் சிறியதாக இருந்தால் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நீட்டிக்கொண்டு நிற்கும், மூடி திறந்தே கிடக்கும், அப்போது மழை நேராக உள்ளேதான்.

மேற்குவாசல்:

ஆவணங்கள் கைக்கு வந்துவிட்டன, ஒரு தாள்கூட நனையவில்லை. குழாய்த்துண்டும் வாஷரும் போட்டுப் பெட்டியை மறுபடி மாட்டியாயிற்று, மழையும் ஒன்று பெய்துவிட்டது. உள்ளே வைத்த செய்தித்தாள் மொறமொறவென்று இருக்கிறது. அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

புதுக்குடித்தனம்:

எங்கள் பெட்டி பிளாஸ்டிக். அதற்கும் இதே மாதிரி இடைவெளி விட்டு மாட்டலாமா?

இரும்புப்பட்டறை:

தாராளமாக. ஸ்குரூவை மட்டும் அளவாக இறுக்குங்கள், அதிகம் இறுக்கினால் துளையைச் சுற்றி விரிசல் விடும். ஸ்குரூத் தலைக்கு அடியில் அகலமான வாஷர் போடுங்கள்.