மின்சார மலை மிதிவண்டியின் கியர் விகிதம்: முன்பற்சக்கரத்தை 38 பல்லிலிருந்து 34 ஆகக் குறைத்தால் போதுமா?

தூன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் வசிக்கிறேன். என்னிடம் இருப்பது முன்புறம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள, 29 அங்குலச் சக்கரங்கள் கொண்ட மின்சார மலை மிதிவண்டி. மோட்டார் 85 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் பாஷ் பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ். முன்பற்சக்கரத்தில் 38 பற்கள். பின்னால் 11 முதல் 42 பல் வரையிலான பத்து வேகக் கேசட் (பின்சக்கரத்தின் பற்சக்கரத் தொகுதி). என் எடை, வண்டியின் எடை, முதுகுப்பை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 120 கிலோ வரும்.

கிரின்டெல்வால்டிலிருந்து குரோஸே ஷைடெக் கணவாய்க்கு ஏறும் தார்ச்சாலையில் எனக்குப் பெரிய குறையில்லை. 1034 மீட்டரிலிருந்து 1962 மீட்டர் வரை நீளும் ஏற்றம் அது. பொறுமையாக மிதித்தால் ஏறிவிடலாம். ஆனால் காட்டுக்குள் பிரியும் சரளைப் பாதைகளில் சரிவு 20 சதவீதத்தைத் தொடும்போது, மிகத் தாழ்ந்த கியரில்கூட என் மிதிச்சுற்று நிமிடத்துக்கு 50 அளவுக்கு இறங்கிவிடுகிறது. மோட்டார் திணறுவதைக் காலில் உணர முடிகிறது. பேட்டரியும் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கரைகிறது. முன்பற்சக்கரத்தை 34 பல்லாக மாற்றினால் இது தீருமா, அல்லது கேசட்டையும் மாற்ற வேண்டுமா? 34 பல்லுக்கு இறங்கினால் சமதரையில் வேகம் குறைந்துவிடுமோ என்ற தயக்கமும் இருக்கிறது.

பட்டறைக்காரர் எழுதியது:

வணக்கம் தூன்வாசி அவர்களே. பல ஆண்டுகளாக மிதிவண்டிப் பட்டறையில் வேலை செய்து வருகிறேன். உங்கள் கடைசித் தயக்கத்தை முதலில் நீக்கிவிடலாம், ஏனெனில் பலரும் அந்தத் தயக்கத்தினாலேயே தவறான பற்சக்கரத்தோடு மலையேறிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் மோட்டார் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் உதவியை நிறுத்திக்கொள்ளும். 29 அங்குலச் சக்கரம் ஒரு முறை சுழன்றால் வண்டி சுமார் 2.3 மீட்டர் நகர்கிறது. 34 பல் முன்பற்சக்கரமும் பின்னால் 15 பல்லும் இருந்தால், நிமிடத்துக்கு 80 மிதிச்சுற்றில் அந்த 25 கிலோமீட்டரை எட்டிவிடுவீர்கள். பின்னால் உள்ள 11 பல்லில் அதே 80 சுற்று உங்களை 34 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோகும். அந்த வேகத்தில் மோட்டார் உதவாது. கனமான வண்டியை நீங்கள் தனியாகத்தான் தள்ள வேண்டும். ஆகவே 38 பல்லை விடுவதால் நீங்கள் இழப்பது, இறக்கத்தில் எப்போதாவது மிதிக்கும் சில நொடிகளை மட்டுமே.

இப்போது ஏற்றத்துக்கு வருவோம். 120 கிலோவை 20 சதவீதச் சரளைச் சரிவில் ஏற்றுவதற்குச் சக்கரத்தில் ஏறத்தாழ 255 நியூட்டன் விசை வேண்டும். உங்கள் தற்போதைய 38க்கு 42 என்ற விகிதத்தில், அந்த விசையைத் தருவதற்குக் கிராங்கில் (மிதிக்கட்டைகள் பொருந்திய சுழல்கையில்) உங்கள் காலும் மோட்டாரும் சேர்ந்து 84 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்குவிசை தந்தாக வேண்டும். அதுவும் வேகம் கூடாமல், இருக்கும் வேகத்தைக் காப்பாற்றுவதற்கு மட்டும். முன்னால் 34 போட்டால் அது 76 ஆகக் குறையும். பின்னால் 50 பல் கொண்ட கேசட்டையும் சேர்த்தால் 63 போதும்.

மோட்டாரின் திறன் என்பது முறுக்குவிசையையும் சுழல்வேகத்தையும் பெருக்கி வருவது. 85 நியூட்டன் மீட்டரை முழுமையாகத் தந்தாலும் நிமிடத்துக்கு 40 சுற்றில் கிராங்கில் கிடைப்பது சுமார் 355 வாட் மட்டுமே. 70 சுற்றில் அதே மோட்டார் 600 வாட்டைக் கடக்கிறது. நீங்கள் மெதுவாக மிதிக்கும்போது மோட்டார் மின்னோட்டத்தை அதிகம் இழுத்து, அதில் கணிசமான பங்கை வெப்பமாக வீணாக்குகிறது. பேட்டரி கரைவதற்கு இதுவே முதன்மையான காரணம் என்பது என் கணிப்பு. மணிக்கு 6.6 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது இப்போதைய விகிதத்தில் நீங்கள் 53 சுற்று மிதிக்கிறீர்கள்; 34க்கு 50 என்றால் அதே வேகத்தில் 70 சுற்று மிதிப்பீர்கள். அந்த வேறுபாட்டை முதல் ஏற்றத்திலேயே உணர்வீர்கள்.

ஏரிக்கரை எழுதியது:

மேலே உள்ள கணக்கு தெளிவாக இருக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கையையும் சேர்க்க விரும்புகிறேன். முன்பற்சக்கரம் சிறியதானால் செயினில் இழுவிசை கூடும், செயினும் கேசட்டும் விரைவில் தேயும் என்று படித்திருக்கிறேன். என்னுடைய வண்டியில் ஒரே பருவத்தில் இரண்டு செயின்களை மாற்றிய அனுபவம் இருப்பதால், தேய்மானத்தைச் சிறிதாக எண்ண மனம் வரவில்லை. 38 பல்லை அப்படியே வைத்துக்கொண்டு கேசட்டை மட்டும் பெரிதாக்குவது நல்லதல்லவா?

பட்டறைக்காரர் எழுதியது:

நல்ல கேள்வி. நீங்கள் படித்தது பாதி உண்மை. கிராங்கில் ஒரே முறுக்குவிசை இருந்தால், சிறிய முன்பற்சக்கரம் செயினை அதிகமாக இழுக்கும் என்பது சரிதான். மோட்டார் மிகுதியாக உதவும் டர்போ நிலையில் முழு விசையோடு புறப்படும் கணத்தில் இது பொருந்தும். ஆனால் சீரான ஏற்றத்தில் தேவைப்படும் முறுக்குவிசையே சிறிய முன்பற்சக்கரத்தோடு சேர்ந்து குறைந்துவிடுகிறது. சக்கரத்துக்கு வேண்டிய விசை மாறாதிருக்கும்போது செயினின் இழுவிசையைத் தீர்மானிப்பது பின்பற்சக்கரம் மட்டுமே. தூன்வாசியின் ஏற்றத்தில் பின்னால் 42 பல்லில் ஏறினால் செயினில் சுமார் 1100 நியூட்டன். முன்னால் 38 இருந்தாலும் 34 இருந்தாலும் அதே அளவுதான். 50 பல்லில் ஏறினால் 920 நியூட்டன் அளவுக்குக் குறைகிறது.

ஆகவே கேசட்டைப் பெரிதாக்குவது பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. முன்பற்சக்கரத்தைக் குறைப்பதற்கு நான் சொல்லும் காரணம் வேறு: அது மலிவானது, உடனே செய்யக்கூடியது, காலுக்கும் மோட்டாருக்கும் ஏற்ற மிதிச்சுற்றைத் தருகிறது. சிறிய முன்பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் அடிக்கடி செயினைப் பற்றுவதால் அந்தப் பற்சக்கரம் சற்று முன்னதாகத் தேயும் என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். 30 பல் வரை இறங்க வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

நெடும்பாதை எழுதியது:

கேசட் பற்றிய பேச்சு வந்ததால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். பன்னிரண்டு வேகக் கேசட்டுகளின் 10 பல் பற்சக்கரத்துக்காகப் பணம் செலவிடுவது, 25 கிலோமீட்டர் வரம்புள்ள வண்டியில் எனக்குப் பொருளுள்ளதாகத் தோன்றவில்லை. ஷிமானோ 2021ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய லிங்க்கிளைட் வரிசையில் 11 முதல் 50 பல் வரையிலான பதினொரு வேகக் கேசட் இருக்கிறது. பற்கள் தடிமனானவை, அதே நிறுவனத்தின் வழக்கமான ஹைப்பர்கிளைடு வரிசையைவிட மூன்று மடங்கு தேய்மானத்தைத் தாங்கும் என்று அந்த நிறுவனமே கூறுகிறது. எடை கூடுதல்தான், ஆனால் 25 கிலோ வண்டியில் அந்தச் சில நூறு கிராம்களை நான் உணர்ந்ததே இல்லை. உங்கள் வண்டியில் ஹைப்பர்கிளைடு வகை ஃப்ரீஹப் (பின்சக்கரத்தில் கேசட் பொருந்தும் பகுதி) இருந்தால் இது அப்படியே பொருந்தும். ஆனால் ஷிஃப்டர் (கைப்பிடியில் உள்ள கியர் மாற்றி), பின் டீரெய்லர் (செயினைப் பற்சக்கரங்களுக்கிடையே நகர்த்தும் பொறி), கேசட் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய பத்து வேக ஷிஃப்டரோடு இதை இணைக்க முயலாதீர்கள். செயின் சாதாரணப் பதினொரு வேகச் செயினே போதும்.

எந்தக் கேசட்டானாலும், ஏற்றத்தின் நடுவில் முழு விசையோடு மிதித்துக்கொண்டே மூன்று கியர்களை ஒன்றாகத் தள்ளினால் அது நிலைக்காது. சரிவு வருவதற்கு முன்பே கியரைக் குறையுங்கள். மாற்றும் அரைச் சுற்றில் காலின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள். செயினின் நீட்சியை அளக்கும் அளவுகோலை மாதம் ஒருமுறையாவது வைத்துப் பாருங்கள்: பதினொரு, பன்னிரண்டு வேகச் செயின்களை 0.5 சதவீத நீட்சியிலேயே மாற்றினால் கேசட் பிழைக்கும்.

இந்த உரையாடலைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு சொல்: 2019 மாதிரி வரை வந்த பழைய பாஷ் சிஎக்ஸ் மோட்டார்களில் முன்பற்சக்கரம் கிராங்கைவிட 2.5 மடங்கு வேகமாகச் சுழலும். அங்கே 15 பல் என்பது ஏறத்தாழ 38 பல்லுக்குச் சமம். அந்த வண்டிகளுக்கு மேலே உள்ள எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தூன்வாசி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களைப் படித்த பிறகு 34 பல் முன்பற்சக்கரத்தை வாங்கிப் பொருத்தச் செய்தேன். அதைக் கழற்றுவதற்குத் தனிக்கருவி தேவைப்பட்டதால் கடையிலேயே வேலையை முடித்தோம். நேற்று அதே சரளைப் பாதையில் ஏறினேன். முன்பு 50 ஆக இருந்த மிதிச்சுற்று 57 வரை நின்றது. மோட்டாரின் திணறல் பெருமளவு குறைந்திருக்கிறது. ஆனால் மிகச் செங்குத்தான கடைசி வளைவில் இன்னும் ஒரு கியர் இருந்திருக்கலாமே என்று தோன்றியது. ஆகவே இப்போதைய கேசட் தேயும்வரை இதையே பயன்படுத்திவிட்டு, பிறகு லிங்க்கிளைடுக்கு மாறுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஒரே ஓர் ஐயம்: நான்கு பற்கள் குறைந்ததால் செயினைக் குறுக்க வேண்டுமா? கடையில் அப்படியே விட்டுவிட்டார்கள்.

பட்டறைக்காரர் எழுதியது:

நான்கு பற்கள் குறைந்தால் செயின் ஏறத்தாழ ஓர் அங்குலம் தளர்ந்திருக்கும். அதாவது ஓர் உள்கண்ணியும் ஒரு வெளிக்கண்ணியும் சேர்ந்த ஒரு சோடி மிகுதி. மிகச் சிறிய பின்பற்சக்கரத்தில் வைத்துப் பாருங்கள்: டீரெய்லரின் கீழ்க்கை செயினை இழுத்துப் பிடித்திருந்தால் அப்படியே ஓட்டலாம், தொங்கினால் அந்த ஒரு சோடியை எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு 42 பல்லில் போட்டு, செயின் விறைத்து நிற்கவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.