குறிஞ்சிச் சரிவில் சீகை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் பட்டா நிலத்தை ஒட்டிய புல்வெளிச் சரிவில் நீலக்குறிஞ்சிப் புதர்கள் நிற்கின்றன. 2018இல் பூத்துக் காய்த்துக் காய்ந்த செடிகள் உதிர்த்த விதையில் வந்தவை. இப்போது முழங்கால் உயரம், சொரசொரப்பான இலை. அடுத்த பூப்பு 2030இல்தான். அதுவரை செடி பிழைத்திருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

கீழிருந்து சீகை (வாட்டில் எனப்படும் வெளிநாட்டு மரம்; சீயக்காய் அல்ல) ஏறி வருகிறது. குறிஞ்சிக்குத் திறந்த வெயில் வேண்டும். சீகை நிழல் விழுந்தால் புல்லும் போகும், குறிஞ்சியும் போகும். 2024இல் ஐயுசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) நீலக்குறிஞ்சியை அழியும் வாய்ப்புள்ள இனமாக அறிவித்துவிட்டது.

கன்றுகளை மழை ஈரத்தில் வேரோடு பிடுங்கிவிடுகிறோம். பெரிய மரங்கள்தான் சிக்கல். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து தழைக்கிறது. தீ வைத்தாலோ மண்ணில் கிடக்கும் விதையெல்லாம் முளைத்துவிடும்.

பட்டையை உரித்து நின்றபடியே காயவிடலாம் என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் உண்டா? எந்தப் பருவத்தில் உரிக்கலாம்? பட்டா நிலத்தில் சீகை வெட்ட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? அப்புறம், 2006, 2018 பூப்பின்போது மேல்மலையில் எடுத்த பழைய படங்கள் இருந்தால் இங்கே போடுங்கள். முன்பு எதுவரை குறிஞ்சி இருந்தது என்று பார்த்து, அந்த இடங்களில் முதலில் வேலையைத் தொடங்கலாம்.