ஆதார் பிடிஎஃப்பில் மஞ்சள் கேள்விக்குறி போக மாட்டேன் என்கிறது - அவசரம்

ஏலத்தோட்டம்_ஆபீஸ்
வணக்கம். ஆதார் பிடிஎஃப்பில் கையெழுத்து இருக்கிற இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி வருகிறது. பிரிண்ட் எடுத்து அனுப்பினால் மெயின் ஆபீஸில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பச்சை டிக்தான் வேண்டுமாம். எல்லாம் செய்து பார்த்தாயிற்று. சாயங்கால ஜீப் கீழே இறங்குவதற்குள் கொடுத்துவிட வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

போடிமெட்டு
எதில் திறக்கிறீர்கள்? போனிலா கம்ப்யூட்டரிலா? 'எல்லாம்' என்றால் என்னென்ன செய்தீர்கள்? அதைச் சொன்னால்தான் மேற்கொண்டு ஏதாவது சொல்ல முடியும்.

கூடலூர்_கம்ப்யூட்டர்
முதலில் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். மலையில் கரண்ட் போய்ப் போய் வரும். மதர்போர்டில் இருக்கிற 2032 வட்ட பேட்டரி செத்துப்போயிருந்தால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கும். டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழுக்குத் தொடங்கும் நாள், முடியும் நாள் இரண்டும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் அது பிறப்பதற்கு முந்தைய வருஷத்தில் இருந்தால் எப்படி ஒத்துக்கொள்ளும்? என் கடைக்கு வருகிற கேஸ்களில் பாதி இதுதான். பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது.

தமிழ்க்கணினி
இந்தக் கேள்வி மாதம் தவறாமல் இங்கே வருகிறது. கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. விண்டோஸ் எந்தப் பதிப்பு, பிடிஎஃப் திறக்கும் ரீடர் எந்தப் பதிப்பு, இணைய இணைப்பு உண்டா, இவை மூன்றும் இல்லாமல் 'அவசரம்' என்று தலைப்பு வைப்பதால் யாருக்கும் பயன் இல்லை. கூடலூர் நண்பர் எல்லா நோய்க்கும் பேட்டரியை மருந்தாகத் தருகிறார். விவரம் வரட்டும், பிறகு பேசலாம்.

ஏலத்தோட்டம்_ஆபீஸ்
விண்டோஸ் 10. ஃபைலை டபுள் கிளிக் செய்தால் தானாகத் திறக்கும். எந்த சாஃப்ட்வேர் என்று கவனித்ததில்லை, மேலே இன்டர்நெட் முகவரி எழுதுகிற பட்டை தெரிகிறது. தேதி சரியாகத்தான் இருக்கிறது. நெட் உண்டு, ஸ்லோ. பி.எஃப்புக்காகப் புதிதாகச் சேர்ந்தவர்களின் ஆதார் அனுப்ப வேண்டும். எல்லோரும் கம்பத்திலிருந்து மேலே வருகிறவர்கள்.

போடிமெட்டு
முகவரிப் பட்டை தெரிந்தால் அது எட்ஜ் அல்லது குரோம். அதில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் பச்சை வராது. அடோபி ரீடர் போட்டு அதில் திறங்கள். ஃபைல் மேல் ரைட் கிளிக், 'ஓப்பன் வித்', ரீடர்.

தமிழ்க்கணினி
காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், அடுத்து வருகிறவருக்கும் உதவும். அந்தக் கேள்விக்குறி உங்கள் கம்ப்யூட்டர் போட்டது அல்ல. கையெழுத்திடும்போதே பக்கத்தில் படமாக வரைந்து வைத்தது. அடோபியின் பழைய அக்ரோபாட் மென்பொருள் காலத்து முறை அது. 'இன்னும் சரிபார்க்கவில்லை' என்பதற்கு மஞ்சள் கேள்விக்குறி. சரிபார்த்த பிறகு அடோபி ரீடர் அந்தப் படத்தை மறைத்து, அதே இடத்தில் பச்சை டிக்கைக் காட்டும். பிரௌசர்கள் பொதுவாகக் கையெழுத்தைச் சரிபார்ப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் படத்தை அப்படியே காட்டும். சுமத்ரா போன்ற சின்ன ரீடர்களும் அப்படித்தான். ஆகவே பிரௌசரில் கேள்விக்குறி தெரிந்தால் ஆதார் போலி என்றோ ஃபைல் கெட்டுப்போனது என்றோ பொருள் இல்லை. இவ்வளவுதான் விஷயம். இதற்கு பேட்டரி தேவையில்லை.

கூடலூர்_கம்ப்யூட்டர்
ரீடரில் திறந்தாலும் தேதி தப்பாக இருந்தால் பச்சை வராது. நான் சொன்னது அதற்கு. கடையில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

சின்னமனூர்_ஜெயா
நான் ஆடிட்டர் ஆபீஸில் பி.எஃப். வேலைதான் பார்க்கிறேன், இதைத் தினமும் செய்கிறோம். ரீடரில் திறந்தாலும் முதல் தடவை கேள்விக்குறிதான் வரும். அதைப் பார்த்து பயப்பட வேண்டாம்.

கேள்விக்குறி மேலேயே ரைட் கிளிக் செய்தால் 'ஷோ சிக்னேச்சர் ப்ராப்பர்ட்டீஸ்' வரும். உள்ளே 'ஷோ சைனர்ஸ் சர்ட்டிபிகேட்' பட்டன். அதை அழுத்தினால் திறக்கிற பெட்டியில் இடது பக்கம் சில பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே 'சிசிஏ இந்தியா' என்றும் கூடவே ஒரு வருஷமும் இருக்கும், 2014 அல்லது 2022 என்று. கீழே இருக்கிற பெயரைத் தொடாதீர்கள், மேலே இருக்கிற அந்த சிசிஏ இந்தியாவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு 'ட்ரஸ்ட்' டேப், 'ஆட் டு ட்ரஸ்டட் சர்ட்டிபிகேட்ஸ்'. ஓகே கொடுத்ததும் இன்னொரு பெட்டி வரும். அதில் 'ட்ரஸ்டட் ரூட்' என்கிற முதல் கட்டத்தில் மட்டும் டிக் போடுங்கள். கீழே ஜாவாஸ்கிரிப்ட், டைனமிக் கன்டென்ட் என்று கட்டங்கள் இருக்கும், அவற்றைச் சும்மா விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்து வைப்பது நல்லதில்லை. ஓகே கொடுத்துத் திரும்பி வந்து 'வேலிடேட் சிக்னேச்சர்' அழுத்தினால் டிக் வந்துவிடும்.

ஏன் மேலே இருப்பதையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன் என்றால், சிசிஏ என்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன்படி நாட்டில் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் தருகிற அமைப்புகளுக்கெல்லாம் தலைமை. அதை ஒரு தரம் நம்பச் சொல்லிவிட்டால், அதன் கீழ் வருகிற அத்தனை கையெழுத்தும் அந்தக் கம்ப்யூட்டரில் தானாகப் பச்சையாகிவிடும். கீழே இருக்கிற பெயரை மட்டும் சேர்த்தால் கையெழுத்திட்டவர் மாறும்போதெல்லாம் மறுபடி இதே வேலை.

சரிபார்க்கும்போது நெட் இருக்கட்டும். சான்றிதழ் ரத்தாகிவிட்டதா என்று ரீடர் வெளியே போய்க் கேட்டுவரும், ஸ்லோவாக இருந்தால் கொஞ்சம் காத்திருங்கள். டிக் வந்த பிறகு ரீடரிலிருந்தே பிரிண்ட் கொடுங்கள். மறுபடி பிரௌசரில் திறந்து பிரிண்ட் கொடுத்தால் திரும்பவும் மஞ்சள்தான்.

ஏலத்தோட்டம்_ஆபீஸ்
ரீடர் டவுன்லோடு ஆகிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, சில ஃபைல் பாஸ்வேர்டு கேட்கிறது. பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும் போட்டேன், எடுக்கவில்லை.

போடிமெட்டு
கேப்பிட்டல் எழுத்தில் போட்டீர்களா? எந்தப் பெயரை வைத்துப் போட்டீர்கள், உங்கள் ரிஜிஸ்தரில் இருப்பதா, ஆதாரில் இருப்பதா?

சின்னமனூர்_ஜெயா
நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் முன்னால் வந்தால் அங்கேதான் மாட்டும். ஆதாரில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எண்ண வேண்டும், புள்ளியும் ஒரு எழுத்துக் கணக்கு. பி. குமார், 1989 என்றால் ஆங்கிலக் கேப்பிட்டலில் பி, புள்ளி, கே, யு, பிறகு 1989. இடைவெளியைச் சேர்க்கக் கூடாது. பெயரே மூன்று எழுத்து என்றால் மூன்று எழுத்தும் வருஷமும் போதும். மஸ்டர் ரோலில், அதாவது வேலையாட்கள் பதிவேட்டில், நீங்கள் எழுதி வைத்திருக்கிற பெயரை நம்பாதீர்கள்.

குமுளி_டவுன்
இத்தனை கஷ்டம் எதற்கு? பாஸ்வேர்டு எடுத்துத் தருகிற வெப்சைட் எத்தனையோ இருக்கிறது. எல்லா ஆதாரையும் ஏற்றினால் பாஸ்வேர்டை எடுத்து ஒரே பிடிஎஃப்பாகச் சேர்த்தும் கொடுத்துவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

சின்னமனூர்_ஜெயா
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். யாரோ எங்கோ நடத்துகிற வெப்சைட்டில் பெயர், பிறந்த தேதி, முகவரி, போட்டோ, பன்னிரண்டு இலக்க எண் எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றுகிறீர்கள். அதை அவர்கள் என்ன செய்வார்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா? என் அம்மாவும் விடியற்காலை ஜீப்பில் மேலே போய் ஏலக்காய் பறித்துவிட்டு வருகிறவள்தான். கேட்ட காகிதத்தையெல்லாம் கொடுப்பாள், எதற்கு என்று கேட்க மாட்டாள், கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயம். அப்படி நம்பிக் கொடுத்ததை நாம்தான் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

குமுளி_டவுன்
ஜெராக்ஸ் கடையில், லாட்ஜில், சிம் கடையில் எல்லா இடத்திலும் கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம். வெப்சைட்டில் மட்டும் என்ன புதுசாக ஆபத்து?

தமிழ்க்கணினி
ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும். அப்படிச் சேர்த்த ஃபைலில் கையெழுத்தே செல்லாது. டிஜிட்டல் கையெழுத்து ஃபைலின் ஒவ்வொரு பைட்டையும் கணக்கில் எடுத்து இடப்படுவது. பாஸ்வேர்டை நீக்கிச் சேமித்தாலும், இன்னொன்றோடு ஒட்டினாலும், 'பிரிண்ட் டு பிடிஎஃப்' கொடுத்தாலும் அது வேறு ஃபைல். அதில் பச்சை டிக் வருவதற்கு வழியே கிடையாது. குமுளி நண்பர் சொன்னபடி செய்தால், கேட்டவர் எதற்காக இந்த இழையைத் தொடங்கினாரோ அதையே இழப்பார்.

கூடலூர்_கம்ப்யூட்டர்
அதுவும் என் கடையில் பார்த்ததுதான். யாராவது பாஸ்வேர்டு எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பிய ஃபைலைக் கொண்டுவந்து டிக் வரவில்லை என்று சண்டை போடுவார்கள். ஒரிஜினலை மறுபடி இறக்கிக் கொடுத்தால்தான் வேலை முடியும்.

தமிழ்க்கணினி
ஆனால் மெயின் ஆபீஸ் கேட்பதே தவறு என்பதையும் சொல்ல வேண்டும். காகிதத்தில் அச்சான பச்சை டிக் வெறும் மை. அதைக் கணினியில் யாரும் வரைந்துவிடலாம். சரிபார்க்க விரும்பினால் ஃபைலை வாங்கி அவர்களே ரீடரில் திறக்க வேண்டும். இல்லையென்றால் ஆதாரில் இருக்கும் க்யூஆர் கோடை ஆதார் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்தால் பெயரும் போட்டோவும் வரும், அதுவும் டிஜிட்டல் கையெழுத்திட்டதுதான். காகிதத்தில் இருந்தும் சரிபார்க்கக் கூடிய வழி அது.

கூடலூர்_கம்ப்யூட்டர்
சார், நீங்கள் சொல்வது சட்டப்படி சரி. ஆனால் கவுன்ட்டரில் நிற்கிறவரிடம் க்யூஆரைப் பற்றி வகுப்பு எடுக்க முடியுமா? அவர் டிக் கேட்கிறார், டிக்கோடு கொடுத்தால் வேலை முடிகிறது. சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணம் கணக்கில் ஏற வேண்டும், அதுதான் முக்கியம்.

தமிழ்க்கணினி
இப்படி எல்லோரும் 'கேட்டதைக் கொடு' என்று போவதால்தான் தவறான நடைமுறை நிலைத்துவிடுகிறது.

போடிமெட்டு
மெயின் ஆபீஸுக்கு எண் முழுதும் தேவையா என்றும் கேட்டுப் பாருங்கள். ஃபைலில் வைத்துக்கொள்ள மட்டும் என்றால் மாஸ்க்டு ஆதார் இறக்கலாம், கடைசி நாலு இலக்கம்தான் தெரியும்.

சின்னமனூர்_ஜெயா
பி.எஃப்பில் யு.ஏ.என் என்கிற உறுப்பினர் எண்ணோடு இணைக்க முழு எண் வேண்டும். ஆனால் அதை எண்ணாகப் பதிவு செய்தால் போதும், ஊர் ஊராகப் பிரிண்ட் போக வேண்டியதில்லை. 2022 மே மாதத்தில் ஆதார் நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள், மாஸ்க்டு கொடுங்கள் என்று ஒரு அறிவிப்பு வந்ததும், தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி இரண்டு நாளில் அதைத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கும். அதே அறிவிப்பில் நெட் சென்டரில் ஆதார் இறக்கினால் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து ஃபைலை அழித்துவிட்டு வாருங்கள் என்றும் இருந்தது. அது இன்றைக்கும் நல்ல பழக்கம்தான். தோட்டத்து ஆபீஸ் தம்பி, வேலை முடிந்ததும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிடுங்கள்.

போடிமெட்டு
ஏலத்தோட்டம்_ஆபீஸ், என்ன ஆயிற்று? ரீடர் போட்டாயிற்றா?

கூடலூர்_கம்ப்யூட்டர்
மேலே கரண்ட் போயிருக்கும்.

ஏலத்தோட்டம்_ஆபீஸ்
டிக் வந்துவிட்டது. ஜெயா அக்கா சொன்னபடி சிசிஏ இந்தியாவைச் சேர்த்ததும் மற்ற ஃபைல்கள் தானாகப் பச்சையாகிவிட்டன. பிரிண்ட் ஜீப்பில் போய்விட்டது. ஒன்று மட்டும் வரவில்லை, கையெழுத்து என்று ஒரு படம் மட்டும் இருக்கிறது, ரைட் கிளிக் செய்தால் ப்ராப்பர்ட்டீஸே வரவில்லை. நன்றி.

சின்னமனூர்_ஜெயா
அது யாரோ பாஸ்வேர்டு எடுத்து மறுபடி பிடிஎஃப் ஆக்கிய காப்பி. அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. அந்த ஆதாருக்கு உரியவரின் போனுக்கு ஓடிபி வரும், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆதார் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள். நம்பர் மாறியிருந்தால் முதலில் ஆதாரில் போன் நம்பரை மாற்ற வேண்டியிருக்கும். யார் அந்தக் காப்பியைக் கொடுத்தது என்று கேட்டு வையுங்கள், இன்னும் பலருக்கு அப்படிக் கொடுத்திருப்பார்.

வண்டிப்பெரியாறு_வாத்தியார்
இடையில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகள் கொண்டுவருகிற வருமானச் சான்றிதழ் மலையாளத்தில் இருக்கிறது, அதிலும் இதே கேள்விக்குறி. அதற்கும் இதே வழிதானா, வேறா?

சின்னமனூர்_ஜெயா
ரீடரில் திறந்து, சர்ட்டிபிகேட் பெட்டியில் மேலே சிசிஏ இந்தியா இருக்கிறதா என்று பாருங்கள் சார். இருந்தால் இதே வழிதான், மொழிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வருஷம் வேறாக இருந்தால் அதையும் ஒரு தரம் சேர்க்க வேண்டும்.