கோட் ஸ்மெல்: 'நிரல் நெருடல்' என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

நிரலாளர்கள் சொல்லும் 'கோட் ஸ்மெல்' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த உரையாடல் இழையில் இதுவரை நிரல் நாற்றம், நிரல் வாடை, நிரற்குற்றம் என்று மூன்று சொற்கள் வந்துள்ளன. நான்காவதாக 'நிரல் நெருடல்' என்பதை முன்வைக்கிறேன். காரணம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருளைப் பார்ப்போம். நிரலைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித்தரும் தொகுப்பி ('கம்பைலர்') குறை சொல்லாது. சோதனைகள் எல்லாம் தேறும். விடையும் சரியாக வரும். ஆனாலும் படிக்கிறவருக்கு 'இங்கே ஏதோ சரியில்லை' என்று படும். அதற்குத்தான் பெயர் தேடுகிறோம். மென்பொருளாளர் கென்ட் பெக் வைத்த பெயர் இது. 1999இல் மார்ட்டின் ஃபவுலர் ரீஃபாக்டரிங் (விடை மாறாமல் நிரலின் அமைப்பைச் சீராக்குவது) பற்றி எழுதிய நூலால் எங்கும் பரவியது. அந்நூலில் இதைப் பற்றிய அத்தியாயத்தின் தொடக்கத்தில் நிற்பது குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு பாட்டி சொன்னது: நாறினால் மாற்றிவிடு.

> நாற்றம் என்றால் சங்கத் தமிழில் நறுமணம்தானே, ஏன் தயக்கம்?

சங்கத் தமிழில் சரி. இன்று பக்கத்து இருக்கைக்காரரிடம் "உங்கள் நிரல் நாறுகிறது" என்று சொல்ல முடியுமா? எழுதியவரின் முகத்துக்கு நேரே சொல்லவேண்டிய சொல் இது. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை அதைக் கேட்டுக் கூனிக்குறுகக் கூடாது. 'வாடை'க்கும் இதே சிக்கல்தான்.

> நிரலாக்கம் அறிவியலா கலையா என்று முதலில் முடிவு செய்வோம். அறிவியல் என்றால் வரையறுத்த சொல் வேண்டும். கலை என்றால் ரசனைச் சொல் போதும்.

இந்தக் கேள்விக்காகவே எழுத உட்கார்ந்தேன். 1968இல் தம் பெருநூலின் முதல் தொகுதிக்குத் தலைப்பிலேயே 'ஆர்ட்' (கலை) என்ற சொல்லை வைத்தவர் கணினி அறிஞர் டொனால்ட் கனூத். 1974ஆம் ஆண்டு, கணினித் துறையின் பெரிய விருதான டூரிங் விருதைப் பெற்ற உரையில் அதற்கு விளக்கமும் தந்தார். கணினிக்கே கற்றுக்கொடுக்கும் அளவுக்கு நாம் தெளிந்துவிட்டது அறிவியல், அந்தத் தெளிவு வராத வரை அதைக் கையாள்வது கலை என்று கோடு கிழித்தார். அந்தக் கோடு நகர்ந்துகொண்டே இருப்பது.

அது நகர்வதை நான் ஒரு சம்பளக் கணக்கில் பார்த்தேன். 2014 செப்டம்பர் 1 முதல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிக்கான ஊதிய வரம்பு 6,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்ந்தது. வரம்போடு நிறுத்திப் பிடிக்கும் இடங்களில் 12 விழுக்காட்டுப் பிடித்தம் மாதம் 780 ரூபாயிலிருந்து 1,800 ஆகவேண்டும். அப்போது நான் பராமரித்த நிரலில் 6500 என்ற எண்ணை நான்கு இடங்களில் எழுதிவைத்திருந்தார்கள். மூன்றை மாற்றினோம். நான்காவது, வேலையை விட்டுப் போகிறவர்களுக்குக் கணக்கு முடிக்கும் பகுதியில் ஒளிந்திருந்தது. அந்த மாதம் விலகிய ஒருவருக்கு 1,020 ரூபாய் குறைவாகப் பிடித்திருந்ததைக் கணக்காளர் அம்மாதான் கண்டுபிடித்தார்.

ஆகஸ்டு 31 வரை அந்த நிரலில் வழுவே ('பக்') கிடையாது. எல்லா விடையும் சரி. செப்டம்பரில் அதே வரி, ஓர் எழுத்தும் மாறாமல், வழுவாகிவிட்டது. ஆனால் நான்கு இடத்தில் ஒரே எண் கிடப்பதை அதற்கு ஓர் ஆண்டு முன்பே பார்த்தேன். பார்த்து, உறுத்தி, கடந்துபோனேன். அந்த உறுத்தலைச் சொல்ல அன்று என்னிடம் சொல் இருந்திருந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

இப்போது இப்படித் திரும்பத் திரும்ப வருவதைக் கருவிகளே காட்டுகின்றன. 1978இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் எழுதிய 'லின்ட்' இவற்றுக்கெல்லாம் முன்னோடி. துணியில் ஒட்டும் பஞ்சுத் துகளுக்கு அப்படிப் பெயர். ஆக அந்த அளவுக்குக் கலை அறிவியலாகிவிட்டது. ஆனால் இரண்டு 6500இல் ஒன்று வைப்பு நிதி வரம்பாகவும், மற்றது தற்செயலாக அதே தொகையில் அமைந்த பண்டிகை முன்பணமாகவும் இருந்தால்? இரண்டையும் ஒரே பெயரில் ஓரிடத்தில் வைத்து ஒரே மாறிலியாக்கினால் அடுத்த தொல்லைக்கு அதுவே விதை. இதைப் பிரித்தறிய, அந்த எண் எதற்காக வந்தது என்று தெரிந்த ஓர் ஆள் படிக்கவேண்டும்.

தமிழில் இந்தப் பிரிவுக்கு முன்பே இடம் இருக்கிறது. வழு என்பது இலக்கணம் பிழைத்தது, விதியைக் காட்டி நிறுவலாம். 'பக்'குக்கு வழு என்று நாம் வைத்தது அருமையான தேர்வு. நூற்குற்றம் வேறு. நன்னூல் பாயிரம் பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. அவற்றை நிரலோடு பொருத்திப் பாருங்கள். கூறியது கூறல், மேலே சொன்ன 6500. மிகைபடக் கூறல், என்றோ தேவைப்படும் என்று இன்றே கட்டிவைக்கும் அடுக்குகள். மயங்க வைத்தல், 'தற்காலிகம்2' என்று பெயரிட்ட மாறி ('வேரியபிள்'). மற்றொன்று விரித்தல், வருமான வரியைக் கணக்கிட வந்த செயற்கூறு ('ஃபங்ஷன்') மின்னஞ்சலும் அனுப்புவது. நின்றுபயன் இன்மை, யாரும் அழைக்காமல் கிடக்கும் செயற்கூறு. நன்னூலை எழுதிய பவணந்தியார் இவற்றைச் சொன்னது கவிதைக்காகவும் இல்லை. இலக்கணம் போன்ற நூல்களுக்குத்தான் பத்துக் குற்றமும், அதோடு பத்து அழகும் வகுத்தார். அறிவு நூலுக்கு அழகு வேண்டும் என்று கேட்ட மரபு இது. நாம் துறைச்சொல்லைக் 'கலைச்சொல்' என்று அழைக்கிறோமே, அந்தக் 'கலை'யும் இரண்டையும் சேர்த்துப் பிடித்த பழைய கலைதான். கலை ஒரு கல்லூரிப் பிரிவாகவும் அறிவியல் இன்னொரு பிரிவாகவும் ஆனது பின்னால். ஆகவே ஒன்றைத் தேர்ந்துவிட்டுத்தான் சொல் படைக்கவேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை.

அப்படியானால் 'நிரற்குற்றம்' என்றே வைத்துவிடலாமே? அதுதான் என் முதல் விருப்பமும். ஆனால் இன்றைய காதுக்குக் குற்றம் என்றால் காவல் நிலையம். 'இணையக் குற்றம்' பக்கத்தில் 'நிரற்குற்றம்' நின்றால் யாரோ திருடிவிட்டார்கள் என்றே படும்.

நெருடல் அப்படிப் பழி சுமத்தாது. வாசிக்கும்போது ஒரு வரி நெருடியது என்று இலக்கிய விமர்சனத்தில் அன்றாடம் எழுதுகிறோம். நூல் செய்வதை நூல் நூற்பதோடு ஒப்பிடுவதும் நன்னூலிலேயே உண்டு: சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்பவள். இழையை விரலால் நெருடிப் பார்த்தால் முடிச்சு தட்டுப்படும், இழை அறுந்திருக்காது. நாம் பெயர் தேடும் நிலையும் இதுதான்.

இலங்கை நண்பர்கள் 'செய்நிரல்' என்றே வழங்குவதால் அங்கே 'செய்நிரல் நெருடல்' நீளமாகிவிடுமோ என்று ஒரு கவலை. நெருடல் என்று மட்டும் சொன்னாலும் இடம் பார்த்து விளங்கும். அவர்கள்தான் சொல்லவேண்டும்.

வினையாக எப்படி நிற்கிறது என்று பார்க்க, சென்ற வாரம் உடன் வேலை பார்க்கும் தம்பி ஒருவரின் நிரலில் எழுதினேன்: "இங்கே நெருடுகிறது. இதே வரம்பு 40ஆம் வரியிலும் இருக்கிறது." அவர் பொருள் கேட்கவில்லை. மதியத்துக்குள் இரண்டையும் ஓரிடத்தில் வைத்து அனுப்பினார், கூடவே 112ஆம் வரியில் தானே கண்ட இன்னொன்றையும் சேர்த்து.