பாடம் எடுக்கிறேன், ஜெபம்தான் வறண்டுவிட்டது

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். மூன்று வருடமாக ஞாயிறு பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஆரம்பத்தில் வேதத்தைத் திறந்தாலே கண் கலங்கும். இப்போது வசனத்தைப் பார்த்ததும், இதற்கு என்ன படம் வரையலாம் என்றுதான் யோசனை ஓடுகிறது. போன வாரம் ஒரு குட்டிப் பெண், "அக்கா, நீங்க தனியா ஜெபம் பண்ணும்போது இயேசப்பாகிட்ட என்ன பேசுவீங்க?" என்று கேட்டாள். பதில் வரவில்லை. கத்தரிக்கோலை எடுத்து வண்ணத்தாளை வெட்ட ஆரம்பித்துவிட்டேன்.

ஊழியத்தை விட மனமில்லை. ஆனால் ஊழியம் முடிந்து திரும்பிய சீஷர்களையே இயேசு தனியே வந்து இளைப்பாறச் சொன்னாரே (மாற்கு 6:31). பல வருடமாக ஊழியத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: பாடத்துக்காக வாசிப்பதையும் உங்களுக்காக வாசிப்பதையும் எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்? கொஞ்ச நாள் ஓய்வு எடுத்தது யாருக்காவது உதவியதா?