புதுப்பிப்பு: கொடுங்கையூர் வீட்டு கட்டர் பம்ப் ஓடாத பிரச்சினை தீர்ந்தது

ரோடு உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டதால் கழிவுநீரைத் தொட்டியில் தேக்கி கட்டர் பம்ப் (கழிவை நறுக்கித் தள்ளும், தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் மோட்டார்) மூலம் மேலேற்றுகிறோம். தொட்டி நிரம்பியும் பம்ப் ஓடவில்லை, சத்தமே இல்லை என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

மோட்டாரைக் கிளப்ப உதவும் கெபாசிட்டரை மாற்றியும் பலனில்லை. "ஃப்ளோட்டைப் பாருங்க" (தண்ணீர் ஏறும்போது மிதந்து பம்பை ஓடவைக்கும் சுவிட்ச்) என்று இங்கே ஒரு அண்ணன் சொன்னதுதான் சரி. பழுது பார்க்க வந்தவர் தொட்டிக்குள் இறங்கப் பார்த்தார், விடவில்லை. விஷவாயு நொடியில் ஆளைச் சாய்க்கும், பாதுகாப்புக் கருவியில்லாமல் இறக்குவது, மனிதர்களைக் கொண்டு கழிவகற்றுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம். மெயினை அணைத்து, சங்கிலியால் பம்பை வெளியே தூக்கினோம். ஃப்ளோட் முழுக்க மெழுகுபோல் உறைந்த சமையல் எண்ணெய்ப் பிசுக்கு, பைப்போடு ஒட்டிக் கிடந்தது. வெந்நீரில் கழுவி, ஃப்ளோட்டின் கேபிளைக் குட்டையாகக் கட்டியதும் ஓடியது.

எதிர்பாராதது: பம்ப் நின்றதும் ஏற்றிய தண்ணீர் தொட்டிக்கே திரும்பியது. தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வைக் கழற்றினால், குழந்தைக்குத் துடைக்கும் வெட் வைப்ஸ் கயிறாக முறுக்கி இடுக்கில் சிக்கியிருந்தது. எடுத்த பிறகு தண்ணீர் திரும்பவில்லை.